வாஷிங்டன்: ஊர்விட்டு ஊர் சென்ற பெயர்

வாஷிங்டன் என்றதும் அமெரிக்காவின் தலைநகரம் நினைவுக்கு வரும். அந்நாட்டின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனைச் சிறப்பிக்கும் வகையில் 1791ஆம் ஆண்டில் அந்நகருக்கு அப்பெயர் சூட்டப்பட்டது. அப்படியானால், அவருடைய குடும்பத்துக்கு அப்பெயர் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தின் வடகிழக்கில், சண்டர்லாந்து நகருக்கு அருகில் உள்ள ஓர் ஊரிலிருந்து வந்தது.

பழைய ஆங்கிலத்தில் ‘டூன்’ என்ற சொல் வேலி சூழ்ந்த பண்ணையை அல்லது குடியிருப்பைக் குறித்தது. இன்றைய ‘டவுன்’ என்ற சொல்லும் அதிலிருந்து பிறந்ததே. அறிவியலறிஞர் நியூட்டனின் பெயரிலும் அது ஒளிந்திருக்கிறது. ‘புதிய குடியிருப்பு’ என்பது அதன் பொருள். வாஷிங்டன் என்பதற்கு ‘வாசா என்பவரின் வழியினருக்கு உரிய குடியிருப்பு’ என்று அறிஞர்கள் பொருள் கூறுவர்.

1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர், நிலக்கிழார்கள் தங்கள் நிலம் இருந்த ஊரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டனர். ஹார்ட்பர்ன் என்னும் ஊரின் பெயரால் அறியப்பட்ட வில்லியம் என்பவர், 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாஷிங்டனில் குடியேறினார். ஊர் மாறியதும் அவர் பெயரும் மாறியது! எளிய மக்களோ பெரும்பாலும் ஊரைவிட்டு வெளியேறிய பிறகே ஊர்ப்பெயரைப் பெற்றனர். சொந்த ஊரில் எல்லாரும் அவ்வூரார்தாமே. அங்கே ஒருவரை அடையாளம் காட்ட அப்பெயர் எப்படி உதவும்?

காலப்போக்கில் இத்தகைய பெயர்கள் தலைமுறைதோறும் தொடரும் குடும்பப் பெயர்களாக நிலைத்தன. வில்லியத்தின் வழிவந்தோர் வேறு ஊர்களில் வாழ்ந்தபோதும் வாஷிங்டன்களாகவே இருந்தனர். அவர்களுள் ஜான் வாஷிங்டன் என்பவர் 17ஆம் நூற்றாண்டின் நடுவில் கடல் கடந்து வர்ஜினியாவில் குடியேறினார். ஜார்ஜ் வாஷிங்டன் அவருடைய கொள்ளுப்பேரன்.

விடுதலைக்காகப் போரிட்ட ஜார்ஜ் வாஷிங்டன் அடிமைகளை வைத்திருந்தவரும்கூட. 1799இல் அவர் இறந்தபோது, அவருடைய பண்ணையில் 300க்கும் மேற்பட்ட அடிமைகள் இருந்தனர். ஆனால், 2000ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வாஷிங்டன் என்ற குடும்பப் பெயர் கொண்டோரில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். அவர்கள் அனைவரும் அப்பண்ணையில் இருந்தவர்களின் வழித்தோன்றல்கள் அல்லர். அடிமைத்தளை நீங்கியபோது பலர் தாங்களே குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்தனர்.

அவர்களுள் ஒருவர், பின்னாளில் புகழ்பெற்ற கல்வியாளராக விளங்கிய புக்கர் டி. வாஷிங்டன். அடிமையாகப் பிறந்த அவர், விடுதலைக்குப் பின் முதன்முதலாகப் பள்ளிக்குச் சென்றார். ஆசிரியர் வருகைப் பதிவேட்டைப் படித்தபோது, மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் இரண்டு பெயர்கள் இருப்பதைக் கவனித்தார். அவருக்கு இருந்ததோ ‘புக்கர்’ என்ற ஒரே பெயர். தம் முறை வந்ததும் சற்றும் தயங்காமல், “புக்கர் வாஷிங்டன்” என்றார். தாயார் தமக்கு ‘டாலியாஃபெரோ’ என்றொரு பெயரும் வைத்திருந்ததை அவர் பின்னரே அறிந்தார். அதையும் இடையில் சேர்த்துக்கொண்டார், ‘டி.’ என்ற எழுத்து அதைத்தான் குறிக்கிறது.