தீவிர சிகிச்சை: இரவில் எத்தனை செவிலியர்கள்?

தீவிர சிகிச்சைப் பிரிவு ஒன்று புதிதாகத் திறக்கப்படும்போதெல்லாம் செய்தியில் இடம்பெறுபவை இரண்டு எண்கள்தாம்: படுக்கைகள் இத்தனை, செலவு இத்தனை கோடி. மயக்கவியல் மருத்துவராக இத்தகைய பிரிவுகளில் பல ஆண்டுகள் பணியாற்றிய எனக்கு இன்னோர் எண் தேவைப்படுகிறது. இரவு இரண்டு மணிக்கு அங்கே எத்தனை செவிலியர்கள் இருப்பார்கள்?

இப்பிரிவின் பிறப்பே ஆட்களின் கதைதான். 1952-இல் டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, மூச்சுத்தசைகள் செயலிழந்த நோயாளிகள் அனைவருக்கும் போதிய இயந்திரங்கள் இல்லை. தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, ரப்பர் பையைக் கையால் அழுத்தியே மூச்சுக் கொடுக்கலாம் என்றார் மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன். ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலும் அந்தப் பைகளை அழுத்தினார்கள். இறப்பு வெகுவாகக் குறைந்தது. மறு ஆண்டின் இறுதியில் அதே நகரில் அவர் தொடங்கியதே உலகின் முதல் தீவிர சிகிச்சைப் பிரிவு எனப் பொதுவாகக் கருதப்படுகிறது.

இன்று பையின் இடத்தில் வென்டிலேட்டர் இருக்கிறது. ஆனால், சளியை உறிஞ்சி எடுப்பதும், இரத்த அழுத்தத்துக்கான மருந்தின் வேகத்தை அவ்வப்போது மாற்றுவதும், படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பதும் செவிலியரின் கைகளே. அதனால்தான் பிரிட்டன் போன்ற நாடுகளில் வென்டிலேட்டரில் உள்ள ஒருவருக்கு ஒரு செவிலியர் என்பது நெறியாக உள்ளது.

கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு படுக்கைக்கு வாரத்தில் 168 மணி நேரக் கவனிப்பு வேண்டும். செவிலியர் ஒருவர் 48 மணி நேரம் உழைத்தால் மூன்றரைப் பேர் தேவை. விடுப்பு, பேறுகாலம், பயிற்சி ஆகியவற்றையும் சேர்த்தால் ஐந்து பேரை நெருங்கும். பத்துப் படுக்கைகளுக்கு ஐம்பது பேர்!

நான் பணியாற்றிய ஓரிடத்தில் எட்டுப் படுக்கைகளுக்கு இரவில் இருவரே இருந்தனர். ஓர் இரவு, ஒரு நோயாளியின் இதயம் நின்றுவிட, இருவரும் அவரிடம் ஓடினர். அந்நேரத்தில் மூன்று படுக்கைகள் தள்ளி இன்னொருவரின் மூச்சுக்குழாய் கழன்றிருந்தது. எச்சரிக்கை ஒலி கேட்டு நான் போய்ச் சேர்ந்ததால் அவர் பிழைத்தார், அது தற்செயல். அந்தச் செவிலியர்களை நான் எப்படிக் குறை சொல்வேன்?

கொரோனா காலத்தில் பிஎம் கேர்ஸ் நிதியில் 50,000 வென்டிலேட்டர்கள் வாங்க முடிவெடுத்தோம். இயக்கத் தெரிந்தவர் இல்லாமல் பல இடங்களில் அவை முடங்கிக் கிடந்தன. இயந்திரத்தைச் சில மாதங்களில் வாங்கிவிடலாம். அதை நம்பி ஒப்படைக்கத்தக்க செவிலியர் உருவாக ஆண்டுகள் ஆகும். அவரையும் ஒப்பந்த ஊதியத்தில் அமர்த்தினால், பழகி முடிக்கும் வேளையில் வேறிடம் தேடிப் போய்விடுகிறார்.

வாசலில் காத்திருக்கும் உறவினர்கள் கட்டண விவரத்தோடு இதையும் கேட்கலாம்: "இன்றிரவு எங்கள் நோயாளியைப் பார்க்கும் செவிலியர், இன்னும் எத்தனை பேரைப் பார்க்கிறார்?"