மேலே வந்து நிக்குதே, ஏன்?

எங்கள் ஒலக்கூர் பக்கம் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் போதும், அடுப்பில் பால் இருப்பதைக்கூட மறந்து மாடிக்கு ஓடுகிறவர்கள் உண்டு. அது பாட்டுக்குப் போய்விட்டால் பேச்சில்லை. ஊருக்கு மேலே வட்டமடித்தாலோ, ஒரே இடத்தில் நின்றாலோ அன்று முழுக்கக் குழாயடியில் அதே கதைதான். "நிலத்தை அளக்கிறாங்களாம்", "பெட்ரோல் தேடுறாங்களாம்", "யாரோ கைதி தப்பிச்சிட்டானாம்!" மாடியில் தலை காய வைப்பதை எட்டிப் பார்க்கிறானுங்க என்று திட்டிய பாட்டியும் உண்டு.

பாட்டி கோபம் இருக்கட்டும். ஹெலிகாப்டரை ஒரே இடத்தில் நிறுத்துவது பைலட்டுக்கு விளையாட்டு இல்லை. காரியம் இல்லாமல் யாரும் நிறுத்த மாட்டார்கள்.

நம் வீட்டு ஃபேன் காற்றைக் கீழே தள்ளுகிறது அல்லவா? தள்ளும்போது ஃபேனுக்கும் மேல்நோக்கி ஒரு உந்தல் கிடைக்கிறது. ஹெலிகாப்டர் இறக்கை செய்வதும் அதேதான், பல்லாயிரம் மடங்கு பலத்தோடு. கீழே தள்ளும் காற்றின் வேகத்தில் வண்டியின் எடை சரிக்குச் சரி தாங்கப்பட்டால், ஏறாமல் இறங்காமல் அப்படியே நிற்கும். விமானத்துக்கு இது முடியாது. அதன் இறக்கை அசையாதது, காற்று கிடைக்க ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஹெலிகாப்டரில் இறக்கையே சுற்றுகிறது. வாலில் இருக்கும் சின்ன இறக்கை எதற்கு என்று என் மகள் கேட்டாள். மேலே இறக்கை ஒரு பக்கம் சுற்றினால் கீழே வண்டி எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்தத்தான் அந்த வால் இறக்கை.

கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்கு ஒன்று தெரியும். கரைக்குக் கரை நீந்திப் போவதைவிட, ஒரே இடத்தில் கை கால் உதைத்து நிற்பதுதான் சீக்கிரம் களைப்பு தரும். ஹெலிகாப்டருக்கும் அதே கதை. நிதானமான வேகத்தில் முன்னே போகும்போது புதுக் காற்று கிடைத்துக்கொண்டே இருக்கும். நிற்கும்போது தான் கீழே தள்ளிய காற்றிலேயே சுழல வேண்டும். எஞ்சினுக்கு வேலை அதிகம், எண்ணெய் செலவும் அதிகம். தாழ்வாக நிற்கும்போது எஞ்சின் மக்கர் செய்தால் சமாளிக்க உயரமும் இருக்காது, வேகமும் இருக்காது.

அப்புறம் ஏன் நிற்கிறார்கள்? தேர்தல் சமயம் என்றால் காரணம் சுலபம். 2014, 2016 தேர்தல்களில் ஜெயலலிதா ஊர் ஊராக ஹெலிகாப்டரில் போய்ப் பேசியது உங்களுக்கு நினைவிருக்கும். இறங்கும் முன் வட்டமடிப்பது கூட்டத்துக்குக் கை காட்ட மட்டும் இல்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, கம்பி இருக்கிறதா, மரம் இருக்கிறதா என்று பார்த்து, காற்றுக்கு எதிராகத்தான் இறக்குவார்கள். தரையில் தண்ணீர் லாரியை விட்டு நனைப்பதும் புழுதி கிளம்பி பைலட் கண்ணை மறைக்காமல் இருக்கத்தான்.

பெரிய மின்கோபுரக் கம்பி ஓரமாகவே மெள்ள மெள்ளப் போனால் அது கம்பிப் பரிசோதனையாக இருக்கலாம். பவர்கிரிட் நிறுவனம் இப்படிச் செய்கிறது. எந்த இணைப்பு அதிகமாகச் சூடாகிறது என்று விசேஷ கேமரா காட்டிக் கொடுத்துவிடும்.

அடியில் பெரிய வளையம் ஒன்றைத் தொங்கவிட்டபடி வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அது பெட்ரோல் தேடுவதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை, தண்ணீர் தேடுவதாகவும் இருக்கலாம். நமக்குப் பக்கத்துக் கடலூர் மாவட்டத்தில், கீழ் வெள்ளாற்றுப் பகுதியில் 2010-களில் இப்படிப் பார்த்திருக்கிறார்கள். மத்திய நிலத்தடி நீர் வாரியமும், ஹைதராபாத்தில் உள்ள தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து செய்த வேலை. வளையத்தில் மின்சாரம் விட்டு நிறுத்தினால் பூமிக்குள்ளிருந்து ஒரு எதிர்ச் சமிக்ஞை வரும். அதை வைத்து எங்கே மணல், எங்கே களிமண், எங்கே உப்புத் தண்ணீர் என்று கண்டுபிடிக்கிறார்கள். 2021 அக்டோபரில் ராஜஸ்தானின் ஜோத்பூரில் தொடங்கி, வறண்ட மாநிலங்களில் பெரிய அளவில் இதைச் செய்தார்கள். போர் போட்டு வெறும் புழுதியை மட்டும் பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

இன்னொரு காரணம் பயிற்சி. நமக்கு வடக்கே அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி தளம் இருக்கிறது. ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுத் தரும் பள்ளி அங்கேதான். 2024 ஜூன் 7 அன்று அந்தப் பள்ளியில் பயிற்சி முடித்து வெளியே வந்தவர்களில் அனாமிகா பி. ராஜீவ் என்ற பெண் அதிகாரியும் ஒருவர். இந்தியக் கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் பைலட்! மேலே இருக்கிறவனைத் திட்டும் பாட்டிக்கு இதைச் சொன்னேன். "அட, பொம்பளையா ஓட்டுது?" என்று திட்டுவதை நிறுத்திவிட்டார்.

முக்கியமான காரணத்துக்கு வருகிறேன். நம் பகுதிக்கு இது கதை இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. அதற்கு முந்தைய வருஷம் டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. அப்போது ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயிலோடு சுமார் 800 பேர் மாட்டிக்கொண்டார்கள். சாலையில் யாரும் போக வழியில்லை. விமானப்படை ஹெலிகாப்டர் வந்துதான் சாப்பாட்டுப் பொட்டலங்களைப் போட்டது. 2015 சென்னை வெள்ளத்தில் ராமாபுரத்தில் மாடியிலிருந்து தூக்கிக் காப்பாற்றப்பட்ட கர்ப்பிணிக்கு அப்புறம் இரட்டைக் குழந்தை பிறந்தது. 2018 ஆகஸ்ட் 17 அன்று கேரளத்தில் ஆலுவா பக்கம் ஒரு கர்ப்பிணிக்குப் பனிக்குடமே உடைந்துவிட்டது. முதலில் ஒரு டாக்டரைக் கயிற்றில் இறக்கிப் பார்க்கச் சொல்லி, பிறகு அந்தப் பெண்ணை மேலே தூக்கினார்கள். அன்றைக்கே கொச்சி கடற்படை மருத்துவமனையில் ஆண் குழந்தை! அதே நாட்களில் கொச்சிப் பக்கம் ஒரு வீட்டு மொட்டை மாடியில், ஹெலிகாப்டர் பைலட் கண்ணில் படும்படி வெள்ளைப் பெயிண்டால் 'தேங்க்ஸ்' என்று பெரிதாக எழுதி வைத்தார்கள்.

அதனால் வெள்ள நேரத்தில் வேடிக்கைக்காகத் துண்டை வீசாதீர்கள், குழந்தைகளையும் வீச விடாதீர்கள். யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நம்பி இறங்கி வந்துவிடுவார்கள். அந்த நேரத்தில் நாலு வீடு தள்ளி நிஜமாகவே ஒரு பிரசவ வலி காத்திருக்கலாம்.

நமக்கே உதவி வேண்டுமானால், அகலமான கலர் புடவையை மாடியில் விரித்து நாலு பக்கமும் கல் வைத்துவிடுங்கள். ஆனால் ஹெலிகாப்டர் நெருங்கியதும் அதைச் சுருட்டி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மேலே பறந்து இறக்கையில் சிக்கும். முழுப் பாரத்தோடு 13 டன் வரை எடையுள்ள எம்.ஐ.17 நின்றால், அந்த எடையைத் தாங்கும் காற்று முழுக்க நம் தலைமேல்தான் இறங்கும். கொடித்துணி, பிளாஸ்டிக் குடம், காயப்போட்ட மல்லாட்டை ஒன்றும் நிற்காது. கூரை வீட்டுக் கீற்று பிய்யும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கிளம்பினால் ஆளையே வெட்டிவிடும். மாடு கன்று மிரண்டு கயிற்றை அறுக்கும். கைக்குழந்தையைப் போர்த்தி, காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.

மேலிருந்து கொக்கியோடு கம்பிக்கயிறு இறங்கினால் ஆவலில் எட்டிப் பிடிக்காதீர்கள். பறக்கும்போது ஹெலிகாப்டரில் மின்னேற்றம் சேர்ந்திருக்கும், தொட்டதும் ஷாக் அடிக்கும். முதலில் அது தரையையோ தண்ணீரையோ தொடட்டும். கயிற்றோடு ஆள் இறங்கினால், பட்டையை மாட்டுவதையும் யார் முதலில் போவது என்பதையும் அவரிடமே விட்டுவிடுங்கள்.

- ஒரு வாசகி, ஒலக்கூர்