குடும்பப் படகும் எடைக் கணக்கும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மின்னசோட்டா மாநிலத்தைப் பத்தாயிரம் ஏரிகளின் நாடு என்று அழைப்பர். கோடைக்காலத்தில் அங்குள்ள சாலைகளில் கார்களின் பின்னே படகுகள் இழுத்துச் செல்லப்படுவது அன்றாடக் காட்சியாகும். வீட்டு முற்றத்தில் சக்கர வண்டியொன்றின்மீது நிற்கும் படகு, விடுமுறை நாளில் காரோடு பூட்டப்பெற்று ஏரிக்குச் செல்கிறது. காலையில் அதில் அமர்ந்து குடும்பத்தார் தூண்டிலிடுகின்றனர்; பிற்பகலில் அதுவே சிறுவர்களை நீர்ச்சறுக்குப் பலகைகளின்மீது இழுத்தோடுகிறது. இவ்விரு பணிகளுக்கும் ஒரே படகைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு? இதில் அடங்கிய இயற்பியல் உண்மைகளை இங்குக் காண்போம்.

இவ்வழக்கத்திற்கு வித்திட்ட நிகழ்ச்சிகள் இரண்டும் அப்பகுதியிலேயே நிகழ்ந்தன. படகின் பின்புறத்தில் எளிதில் மாட்டவும் கழற்றவும் கூடிய பொறியை, விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கி நகரில் ஓலே எவின்ரூட் என்பார் 1909-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இதனைப் புறப்பொறி எனலாம். பின்னர் 1922-ல் ரால்ஃப் சாமுவெல்சன் என்ற இளைஞர், மின்னசோட்டாவின் பெப்பின் ஏரியில் இரு மரப் பலகைகளின்மீது நின்று, படகினால் இழுக்கப்பட்டு நீரின்மேல் சறுக்கிக் காட்டினார்.

மெல்லச் செல்லும் படகு, தன் எடைக்குச் சமமான நீரை விலக்கி மிதக்கின்றது. வேகம் மிக மிக, அது எழுப்பும் அலையும் நீள்கிறது. நீர்மட்டத்தில் 5 மீட்டர் நீளமுள்ள படகு மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர் வேகத்தை அடையும்போது, அலையின் நீளம் படகின் நீளத்திற்குச் சமமாகிவிடும். அதன்பின் படகு தான் எழுப்பிய அலையின்மீதே ஏற வேண்டியதாகிறது. போதிய ஆற்றலும் தகுந்த அடிப்பாகமும் இருப்பின், நீரின் எதிர்ப்பு படகை மேலே தூக்க, அது நீர்ப்பரப்பின்மீது வழுக்கி ஓடத் தொடங்கும். வளர்ந்த ஒருவர் இரு பலகைகளில் சறுக்கச் சுமார் 40 கிலோமீட்டர் வேகம் தேவையாதலின், இந்நிலை இன்றியமையாதது. அளவுக்கு மிஞ்சிய பாரம் ஏற்றிய படகோ, முன்தலையை உயர்த்திக்கொண்டு, பின்புறம் அமிழ்ந்தவாறே திணறும்.

அடிப்பாகத்தின் வடிவம் அடுத்துக் கருதத்தக்கது. தட்டையான அடிப்பாகம் எளிதில் வழுக்கும். நிற்கும்போது அதிகம் சாயாது. ஆகவே நின்று தூண்டிலிடுவோர்க்கு உகந்தது. ஆனால் அலைகளில் அது ஓங்கி அறையும். அடிப்பாகம் ஆப்பு வடிவில் ஆழ்ந்திருப்பின் அலையைப் பிளந்து மென்மையாகச் செல்லும். ரே ஹன்ட் என்ற படகமைப்பாளர், பின்புறத்திலும் அடிப்பக்கம் ஒவ்வொரு புறமும் 24 பாகை உயருமாறு அமைத்த வடிவத்தை ஒட்டிய 'மாப்பி' என்ற படகு, 1960-ல் மயாமி–நசாவு கடற்பந்தயத்தில் வென்றது. எனினும் இவ்வகைப் படகு நிற்கும்போது மிகுதியாக ஆடும்; கூடுதல் ஆற்றலையும் வேண்டும். ஆகவே இரு பணிகளையும் விரும்பும் குடும்பத்திற்கு, பின்புறக் கோணம் 12 முதல் 18 பாகை வரையுள்ள நடுத்தர வடிவமே பொருந்தும்.

ஆயினும் வடிவத்திற்கும் முன்பாக எண்ணவேண்டியது எடையேயாகும். எடுத்துக்காட்டாக, வெறும் படகு 700 கிலோகிராம் எனக் கொள்வோம். பொறி 170, நூறு லிட்டர் பெட்ரோல் 75, மின்கலம், நங்கூரம் முதலிய சாமான்கள் 105, வண்டி 300. ஆக மொத்தம் 1,350 கிலோகிராம். அதாவது, வெறும் படகின் எடையைப்போல ஏறத்தாழ இரு மடங்கு! வெறும் படகின் எடையை மட்டும் கண்டு, 1,000 கிலோகிராம் இழுக்கத்தக்க கார் போதுமென்று முடிவுசெய்தவர், சரிவில் தடை போடும்போது இடருக்குள்ளாவார். மேலும், மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு காரின் கொக்கியின்மீது அழுந்துமாறு படகை வண்டியில் நிறுத்தவேண்டும். பின்பக்கம் பாரம் மிகுந்தால், வேகமாகச் செல்கையில் வண்டி பாம்புபோல் இருபுறமும் வளைந்தாடி, காரையும் தன்னோடு இழுத்துச் சாய்த்துவிடக்கூடும்.

நீரில் இறங்கிய பின்னரும் இக்கணக்கு முடிவதில்லை. படகிலுள்ளோர் அனைவரும் மீனைக் காண ஒரே பக்கம் சென்றால், மொத்த எடையின் மையம் அப்பக்கம் நகர்கிறது. விளிம்பு தாழ்ந்து நீர் உட்புகும். அமெரிக்காவில் 1972 முதல், 20 அடிக்குக் குறைந்த பெரும்பாலான ஒற்றைத்தள மோட்டார்ப் படகுகளில், ஏற்றத்தக்க ஆட்கள், மொத்தப் பாரம், புறப்பொறியின் குதிரைத்திறன் ஆகியவற்றின் உச்ச அளவுகளைக் குறிக்கும் தகடு பொருத்தப்படுதல் சட்டமாகும். அதற்கு மேற்பட்ட நீளமுள்ள படகுகளுக்கு இக்கட்டாயமில்லை. ஆகவே அவற்றை வாங்குவோர் செய்தவரிடமே கேட்டறிதல் வேண்டும். தகட்டிலுள்ள ஆட்களின் எண்ணிக்கையும் அமைதியான நீருக்கே உரியது; காற்று வீசும் நாளில் அதனினும் குறைவாகவே ஏற்றுதல் அறிவுடைமையாகும். புறப்பொறி பொருத்திய சிறு படகுகள் நீர் நிறைந்தாலும் மூழ்காவண்ணம் அவற்றினுள் மிதவைப் பொருள் வைக்கப்படுகிறது. எனவே படகு கவிழ்ந்தால், கரையை நோக்கி நீந்தாமல் அதனையே பற்றிக்கொண்டிருத்தல் நன்று.

நீர்ச்சறுக்கின்போது ஓட்டுபவர் முன்னோக்கியே பார்த்திருக்க, சறுக்குபவரைக் கண்காணிக்க மற்றொருவர் வேண்டும். விழுந்தவரைப் படகில் ஏற்றுமுன் பொறியை முற்றிலும் நிறுத்துதல் வேண்டும். சுழல்விசிறி கண்ணுக்குத் தெரியாத கத்தியாகும். ஓடும் பொறியின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, பின்புறத்தில் அமர்ந்திருப்போரை மயக்கமுறச் செய்யும். அந்நாட்டில் படகு விபத்துக்களில் நீரில் மூழ்கி இறப்போருள் பத்தில் எட்டுப் பேருக்கு மேற்பட்டோர் மிதவை அங்கி அணியாதவரே. அங்கியை இருக்கையின் அடியில் வைத்திருத்தல் பயன் தராது.

எனவே படகு வாங்க விரும்புவோர் முதலில் தம் கார் இழுக்கவல்ல எடையையும், பின்னர் படகில் ஏறப்போகும் குடும்பத்தாரின் தொகையையும், அதன்பின் தாம் செல்லும் நீர்நிலையின் இயல்பையும் ஆராய்வாராக. வேகமும் வண்ணமும் இறுதியில் கருதப்படவேண்டியவை. எடையை அறிந்து வாங்கிய படகே மாலையில் அனைவரையும் நலமுடன் கரைசேர்க்கும்.