ஹிக்கரி மரமும் துணைப் பயிர்களும்

முந்திரி, பாதாம், அக்ரோட்டு ஆகியவற்றை நாம் நன்கறிவோம். அக்ரோட்டின் குடும்பத்தைச் சார்ந்த ஹிக்கரியை அறிந்தோர் நம்மிடையே மிகச் சிலரே. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் இம்மரம் மிகுதி. அம்மண்ணின் தொல்குடியினர் இதன் கொட்டைகளை இடித்து நீரிற் கலக்கிப் பால்போன்ற உணவொன்று செய்தனர். அவ்வுணவின் பெயரே திரிந்து மரத்தின் பெயராயிற்று.

இவ்வினத்துள் சுவைமிக்க பருப்பைத் தருவனவற்றுள் ஒன்று, பட்டை நீண்ட கீற்றுகளாக உரியும் ஹிக்கரி. இதனை வளர்ப்போர்க்கு வேண்டுவது பொறுமை. கொட்டை குளிர்காலம் முழுதும் ஈரமண்ணிற் கிடந்து வசந்தத்தில் முளைக்கும். முதல் 3 ஆண்டுகளில் ஆணிவேர் 2 முதல் 3 அடிவரை இறங்கும். தண்டோ மெல்லவே உயரும். ஆதலின் பிடுங்கி நடுதல் கடினம். நிற்கவேண்டிய இடத்திலேயே விதைத்தல் நன்று. விதையிலிருந்து வளர்ந்த மரம் நன்கு காய்க்க ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆகும். ஒட்டுக்கட்டிய கன்று அதனினும் முந்திக் காய்க்கும். எனினும் அதற்கும் பல்லாண்டு காத்திருத்தல் வேண்டும். நட்ட மரத்தின் கனியைப் பறவையோ விலங்கோ உண்டாலும் அது தருமமாகும் என்னும் நபிமொழிக் கருத்தை நாம் ஈண்டு நினைக்கிறோம். ஆயினும் உழவன் வீட்டு அடுப்பு 40 ஆண்டுகள் காத்திராதன்றோ?

இவ்விடைவெளியை நிரப்புவனவே துணைப் பயிர்கள். கருநிற ராஸ்பெரி இரண்டாம் ஆண்டிலேயே பழம் தரத் தொடங்கும். நம் சீத்தாப்பழத்தின் குடும்பத்தைச் சார்ந்த பாவ்பாவ் என்னும் சிறுமரம் நிழலைத் தாங்கிச் சில ஆண்டுகளிற் கனியும். குளோவர் என்னும் தீவனப் பயிர் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணிற் சேர்க்கும். ஆனால் இளங்கன்றின் அடியை ஒட்டி அதனை வளரவிடின் நீருக்குப் போட்டியாகும். அடியில் இலைச்சருகு மூடாக்கே போதும்.

துணையைத் தேர்வதில் எச்சரிக்கை வேண்டும். அக்ரோட்டுக் குடும்ப மரங்கள் ஜுக்லோன் என்னும் நச்சுப்பொருளைச் சுரக்கும். கறுப்பு அக்ரோட்டில் இது மிகுதி, ஹிக்கரியில் குறைவே. எனினும் தக்காளி, உருளைக்கிழங்கு, ஆப்பிள் ஆகியன இந்நஞ்சைத் தாங்கா. அவற்றை அருகில் வைக்காதிருத்தலே அறிவுடைமை. ராஸ்பெரியும் பாவ்பாவும் தாங்கும்.

ஹிக்கரிக்கு ஹிக்கரியும் துணையாதல் வேண்டும். ஒரே மரத்தின் ஆண்பூவும் பெண்பூவும் பெரும்பாலும் ஒருங்கே பக்குவமடைவதில்லை. மகரந்தத்தைச் சுமப்பதோ காற்று. எனவே வெவ்வேறு மரங்கள் இரண்டேனும் அருகருகே நிற்றல் நலம்.

மரங்கள் ஓங்கியபின் ஒளி குன்றி ராஸ்பெரி மெலியும்; பாவ்பாவ் நிலைக்கும். இலையுதிர் காலத்தில் அடிப்புல்லை ஒட்ட அறுத்துவிட்டால், உதிரும் கொட்டைகளை அணில்களுக்கு முந்திப் பொறுக்கலாம்.