எலி மலை அடிவாரத்தில் ஒரு மீன்!

ஸ்பெயினுக்குப் போய் வந்தேன் என்று சொன்னால், எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "மாட்டுச் சண்டை பார்த்தியா?" என்பதுதான். இல்லை சார். நான் பார்த்தது எலி!

என்னோடு பி.காம். படித்து, ஒரு தடவைகூட பேலன்ஸ் ஷீட்டை டாலி பண்ணாமலே பாஸ் செய்த நண்பன் ஒருவன் பில்பாவோவில் வேலையில் இருக்கிறான். "வாடா, தங்க இடம் இருக்கு. டிக்கெட் மட்டும் நீ போட்டுக்கோ" என்றான். அரியர்ஸ் மாதிரி எங்கிருந்தோ ஒரு தொகை வந்து சேர்ந்த நேரம். கிளம்பிவிட்டேன்.

"டவுனெல்லாம் எங்கேயும் பார்க்கலாம். உன்னை ஒரு மீன்பிடி ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று அவன் இழுத்துப் போன ஊர் கெட்டாரியா. சான் செபாஸ்டியனிலிருந்து மேற்கே சுமார் 25 கிலோமீட்டர். ஸ்பெயினின் வடக்கு ஓரம். பாஸ்க் ஜனங்களின் பூமி. பேசுவதும் பாஸ்க் மொழி. அதற்கும் ஸ்பானிஷுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நண்பனின் ஸ்பானிஷே தகராறு. பாஸ்க்கைக் கேட்டால் பேந்தப் பேந்த விழிக்கிறான்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும், "அதோ பாரு, எலி!" என்றான். சட்டென்று காலைத் தூக்கினேன். அவன் காட்டியது கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குன்றை! தூரத்திலிருந்து பார்த்தால் மூக்கை நீட்டிப் படுத்திருக்கிற எலியேதான். சான் அந்தோன் குன்று என்று நிஜப் பெயர் இருந்தாலும் ஊருக்கு அது எலிதான். ஒரு காலத்தில் தனித் தீவு. அலையைத் தடுக்கக் கல்லைப் போட்டு ஊரோடு இணைத்து, எலியின் இடுப்பை ஒட்டியே துறைமுகம் கட்டிவிட்டார்கள்.

ஊர் என்று பார்த்தால், குறுக்கே நடந்தால் ஒரு சிகரெட் நேரம். மெயின் தெரு நேராகக் கடலுக்கு இறங்குகிறது. வழியில் சான் சல்வதோர் தேவாலயம். தெருவை மறித்துக்கொண்டு நிற்கிறதே என்று பார்த்தால், சர்ச்சுக்கு அடியிலேயே குகை மாதிரி வழி விட்டிருக்கிறார்கள். மேலே ஜபம், கீழே மீன் கூடை! உள்ளே போனால் இன்னொரு வேடிக்கை: தரை சரிவாக இருக்கிறது. பக்தியோடு நின்றாலும் மனுஷன் ஒரு பக்கமாகச் சாய்கிறான்.

இனி எல்கானோ. ஊர் வாசலிலேயே பெரிய நினைவுச் சின்னம். உலகத்தை முதலில் சுற்றி வந்தவர் மெகல்லன் என்று பள்ளிக்கூடத்தில் நாம் எழுதி மார்க் வாங்கியிருக்கிறோம். தப்பு சார்! மெகல்லன் 1521-லேயே பிலிப்பைன்ஸில் கொல்லப்பட்டுவிட்டார். மிச்சக் கப்பலை ஊர் கொண்டுவந்து சேர்த்தவர், இந்தக் கெட்டாரியாவில் பிறந்த யுவான் செபாஸ்டியன் எல்கானோ. 1519-ல் கிளம்பியது 5 கப்பல், சுமார் 240 பேர். 1522 செப்டம்பர் 6-ம் தேதி 'விக்டோரியா' என்ற ஒற்றைக் கப்பலில் திரும்பியது 18 பேர்.

எனக்குள் இருக்கும் காமர்ஸ்காரன் முழித்துக்கொண்டது அடுத்த விஷயத்தில்தான். எல்கானோ இந்தப் பயணத்துக்குப் போனதே கடன் தொல்லையில். சொந்தக் கப்பலை வெளிநாட்டு வியாபாரிகளிடம் கொடுத்துக் கடனைத் தீர்த்தார். அது அந்த நாளில் சட்டப்படி குற்றம். உலகத்தைச் சுற்றி வந்த பிறகுதான் ராஜா மன்னித்தார். மன்னிப்போடு வருஷத்துக்கு 500 தங்க டுகாட் பென்ஷன் வேறு சாங்ஷன். கொண்டுவந்த கிராம்பை விற்ற பணத்திலேயே ஐந்து கப்பலின் செலவும் அடைந்துபோனது என்பார்கள். ஆனால் பென்ஷன்? வரவே இல்லை! எல்கானோ மறுபடியும் கப்பலேறி, 1526-ல் பசிபிக் நடுவில் செத்துப்போனார். அவருடைய அம்மா கத்தலீனா, மகனுக்குச் சேர வேண்டிய பணத்துக்காக வழக்குப் போட்டு அலைந்தாள். எந்த தேசமானால் என்ன, எந்த நூற்றாண்டானால் என்ன... ஆபீஸ் ஆபீஸ்தான்.

இதை நான் வேடிக்கையாகத்தான் சொன்னேன். நண்பன் சிரிக்கவில்லை. "அம்மா தனியாவா இருந்தாங்க?" என்று மட்டும் கேட்டான். இவன் ஊருக்குப் போய் மூன்று வருஷமாகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

துறைமுகத்துக்கு இறங்கினோம். பச்சை, சிவப்பு, நீலம் என்று படகுகள். வசந்த காலத்தில் நெத்திலி, கோடையில் சூரை. இந்த நெத்திலி நம் ஊர் நெத்திலிக்கு ஒன்றுவிட்ட அண்ணன், கொஞ்சம் வாட்டசாட்டம். உப்புப் போட்டு மாதக்கணக்கில் ஊறவைத்து, ஒவ்வொன்றாகக் கையாலேயே தோலும் முள்ளும் எடுத்து, எண்ணெயில் அடுக்கி டின்னில் அடைக்கிறார்கள். பெரும்பாலும் பெண்களின் கைவேலை. டின்னின் விலையைப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திரும்ப வைத்தேன்.

அந்த நெத்திலி ஒரு தடவை இல்லாமலே போயிருக்கிறது. 2005-ல் பிஸ்கே விரிகுடாவில் மீன் இனமே அற்றுப்போகும் நிலை. ஐரோப்பிய யூனியன் பிடிக்கத் தடை போட்டது. நம் ஊர்த் தடை மாதிரி இரண்டு மாசம் இல்லை. நடுவில் கொஞ்ச நாள் திறந்து பார்த்தது போக, 2010 ஆரம்பம் வரைக்கும்! சம்பாத்தியத்தில் பாதி சீஸனைத் தூக்கிக் கொடுத்துவிட்டு அத்தனை வருஷம் காத்திருப்பது என்றால் சும்மாவா? மீன் திரும்பி வந்தது. திமிங்கிலத்துக்கு அந்த யோகம் இல்லை. ஊரின் சின்னத்திலேயே ஈட்டி பாய்ந்த திமிங்கிலம் இருக்கிறது. அவ்வளவு வேட்டையாடியிருக்கிறார்கள். இந்தக் கரையில் கடைசித் திமிங்கிலத்தைப் பிடித்தது 1901-ல், பக்கத்து ஊரான ஓரியோவில்.

மேட்டில் பலென்சியாகா மியூசியம். பாரிஸையே ஆட்டிவைத்த தையல் மன்னன் கிறிஸ்தோபல் பலென்சியாகா இந்த ஊர்ப் படகுக்காரர் மகன். சின்ன வயதிலேயே அப்பா போய்விட, அம்மா தைத்துப் பிழைத்தார். அவர் தைத்துக்கொடுத்த சீமாட்டியின் மாளிகையை ஒட்டியே, 2011-ல் மகனுக்கு மியூசியம்! கவுன்களைப் பார்த்து நான் 'ஆஹா' போட்டது பாதி நடிப்புதான். மூக்கு ஏற்கெனவே கீழே இறங்கிவிட்டது.

காரணம், புகை. ஓட்டல் வாசலிலேயே கரியடுப்பு. டர்பட் என்ற, பெரிய சைஸ் தோசைக்கல் மாதிரி தட்டை மீனை முழுசாகக் கம்பிக் கூண்டில் வைத்துத் திருப்பித் திருப்பிச் சுடுகிறார்கள். மசாலா கிடையாது. உப்பு, எண்ணெய், கொஞ்சம் புளிப்புத் தண்ணி. 'இதுல என்ன ருசி இருக்கப் போகுது' என்று ஏளனமாகத்தான் வாயில் வைத்தேன். அடுத்த பத்து நிமிஷம் பேச்சே இல்லை. தோலுக்கும் சதைக்கும் நடுவே பாயா மாதிரி ஒரு பிசுக்கு இருக்கிறது பாருங்கள்... விரலை நக்கினேன். பக்கத்து டேபிள் பெரியவரும் நக்கிக்கொண்டிருந்ததால் வெட்கப்படவில்லை. நண்பன் உள்ளூர் ஒயினான சகோலியைக் கேட்டான். சர்வர் நம் டீ மாஸ்டர் மாதிரி பாட்டிலை உயரத் தூக்கி ஊற்றினார். சுற்றுவட்டாரச் சரிவெல்லாம் அந்தத் திராட்சைதானாம்.

மீனுக்கு விலை எடைக்கு இவ்வளவு என்பதை பில் வந்த பிறகுதான் கவனித்தோம். தொகையை எழுத மாட்டேன். எங்கள் வீட்டிலும் இந்தப் பத்திரிகை வாங்குகிறோம்.

பில்லை முறைத்துக்கொண்டிருந்ததில் பஸ் போய்விட்டது. சரி என்று சராவுட்ஸ் வரைக்கும் நாலு கிலோமீட்டர் நடந்தோம். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கடல். அலை சுவரில் மோதி ரோட்டிலேயே தெளிக்கிறது. பின்னால் திரும்பினால் எலி கூடவே வருகிறது.

பாதி வழியில் நண்பன் நின்றான். "டேய், பொங்கலுக்கு டிக்கெட் இப்பவே போட்டா எவ்வளவுடா குறையும்?"

ஈர ரோட்டில் நின்றபடியே கணக்குப் போட ஆரம்பித்தோம். இந்த ஒரு தடவை அவனுக்கு டாலி ஆகிவிட்டது.