இசட் என்ற ஓர் எழுத்து

சீனாவுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பிள்ளைகள் வேலைக் கடிதத்தில் முதலில் தேடுவது மூன்று விஷயங்களை: சம்பளம் எவ்வளவு, தங்க வீடு உண்டா, விமான டிக்கெட் யார் செலவு. எந்த விசாவில் வரச் சொல்கிறார்கள் என்பதை ஏஜென்ட் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறார்கள். விசாவைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். பணி அனுமதி என்பது அங்கே விமான நிலையத்தில் காட்டுகிற காகிதம் மட்டுமல்ல. பேசிய சம்பளத்தைக் கேட்டு வாங்கும் உரிமையே அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது.

முறையான வழி சற்று நீளமானது. பட்டம், போலீஸ் சான்று, இரண்டாண்டு அனுபவம் அல்லது ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ், பெரும்பாலும் ஆங்கிலம் தாய்மொழியான நாட்டின் பாஸ்போர்ட் எல்லாம் கேட்பார்கள். பணி அனுமதி அறிவிப்பு வந்த பிறகே சீனத் தூதரகத்தில் வேலைக்கான இசட் விசா கிடைக்கும். இறங்கிய 30 நாளுக்குள் வசிப்பு உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இதற்கெல்லாம் மாதக்கணக்காகும் என்பதால், "இப்போதைக்கு வியாபார விசாவில் வாருங்கள், அப்புறம் மாற்றித் தருகிறோம்" என்ற பேச்சு வருகிறது. அப்படி வந்து வகுப்பெடுத்தால், 2013 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள குடிநுழைவுச் சட்டப்படி அது சட்டவிரோத வேலை. ஆசிரியருக்கு 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம். குற்றம் பெரிதென்று கருதினால் கூடவே 5 முதல் 15 நாள் காவல். நாட்டைவிட்டு அனுப்பப்பட்டால் ஓராண்டிலிருந்து ஐந்தாண்டு வரை திரும்ப நுழைய முடியாமல் போகலாம். வேலை கொடுத்தவருக்கோ ஓர் ஆளுக்கு 10,000 யுவான், மொத்த அபராதம் 1,00,000 யுவானைத் தாண்டாது. பத்துப் பேரை இப்படி வைத்திருக்கும் பயிற்சி மையத்துக்குப் பதினோராவது ஆளால் கூடுதல் அபராதம் ஒரு யுவான்கூட இல்லை. மாட்டினால் மையத்துக்கும் நட்டம்தானே என்று நம்புகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அபராதத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, அதிகம் பேசப்படாத இன்னொரு இழப்பு. பணி அனுமதி இல்லாத வெளிநாட்டவர் தனக்கும் நிறுவனத்துக்கும் தொழிலாளர் உறவு இருந்ததாக அறிவிக்கக் கேட்டால், அதை ஏற்பதில்லை என்பது சீன உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு. 2021 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த விளக்கத்திலும் அது உண்டு. அனுமதி உள்ளவர் சம்பள பாக்கிக்காகத் தொழில் தகராறு நடுவர் மன்றத்துக்குப் போகலாம்; கட்டணம் கிடையாது; வேலையை விட்ட ஓராண்டுக்குள் மனு கொடுத்தால் போதும். அனுமதி இல்லாதவர் அதே வாசலில் தன் குற்றத்தைத் தானே சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். 2021 ஜூலையில் பள்ளிப் பாடங்களுக்கான தனிப்பயிற்சியை அரசு கடுமையாகக் கட்டுப்படுத்தியதும் மையங்கள் பல மூடப்பட்டன. அப்படி ஒரு மையம் மூடப்படும் நாளில் யார் கணக்குக் கேட்க முடியும், யார் பேசாமல் பெட்டி கட்ட வேண்டும் என்பதை அந்த விசாதான் தீர்மானிக்கிறது.

"எல்லாரும் இப்படித்தான் வேலை செய்கிறார்கள், யாரும் கேட்பதில்லை" என்பார்கள். கேட்காமல் இருப்பது தெரியாததால் அல்ல. வாடகை வீட்டில் குடியேறிய 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் பதிய வேண்டும்; வீடு மாறினால் மறுபடியும். பாஸ்போர்ட்டையும் வாடகை ஒப்பந்தத்தையும் வாங்கிப் பார்த்து, காவலர் ஒரு சின்னத் தாளை அச்சிட்டுக் கொடுப்பார். நீங்கள் எந்த விசாவில் எந்த மாடியில் இருக்கிறீர்கள் என்பது அன்றைக்கே அவர்கள் கணினியில் ஏறிவிட்டது. சோதனை என்று வரும் நாளில் தேடிக் கண்டுபிடிக்க எதுவும் மிச்சமில்லை. முறையான அனுமதி உள்ளவர்களும் சறுக்குவதுண்டு. அனுமதி ஒரே நிறுவனத்துக்கானது. மாலையில் இன்னொரு வீட்டுப் பிள்ளைக்குக் காசு வாங்கிப் பாடம் எடுப்பதும் அதன் எல்லையைத் தாண்டியதுதான். சீனாவில் மருத்துவம் படிக்கும் நம் ஊர் மாணவர்கள் கைச்செலவுக்காக மழலையர் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதற்கு முன் யோசிக்க வேண்டும்: அனுமதி வாங்காமல் செய்தால் அவர்களுக்கும் இதே சட்டம்தான்.

இன்னொரு மறுப்பு கனமானது. அனுமதி ஒரே முதலாளியோடு கட்டிப்போடுகிறதே, அவர் விடுவிப்புக் கடிதம் தராமல் இழுத்தால் அதே அனுமதி விலங்காகிவிடாதா? இந்தச் சிக்கல் உண்மையானது. ஆனால் பிடித்துக்கொள்ள இடம் இருக்கிறது. 2008 முதல் நடப்பிலுள்ள தொழிலாளர் ஒப்பந்தச் சட்டப்படி 30 நாள் எழுத்துமூல முன்னறிவிப்பு கொடுத்து விலகலாம். விலகும்போது நிறுவனம் சான்று தந்தாக வேண்டும். அடையாள ஆவணங்களைப் பிடித்துவைக்கவோ முன்பணம் வாங்கவோ கூடாது. பாஸ்போர்ட்டைப் "பத்திரமாக வைத்திருக்கிறோம்" என்று கேட்டால் நகல் கொடுங்கள், மூலத்தைக் கொடுக்காதீர்கள். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: ஷாங்காய் போன்ற இடங்களில் சம்பளத்தின் கீழ்வரம்பு, வேலை நேரம், காப்பீடு தவிர்த்த பலவற்றில் ஒப்பந்தத்தில் எழுதியதையே பெரும்பாலும் பார்க்கிறார்கள். ஆகவே வாரத்துக்கு எத்தனை மணி நேரம், விலகினால் எத்தனை நாளில் சான்று என்பதெல்லாம் சீன மொழிப் பிரதியிலேயே இருக்க வேண்டும், சிவப்பு முத்திரையோடு. சம்பளத்தை ரொக்கமாக வாங்காமல் வங்கியில் போடச் சொல்லுங்கள். வீசாட் செயலி உரையாடல்களை அழிக்காதீர்கள். தொழிலாளர் புகாருக்கு 12333. விசா, வசிப்பு பற்றிய சந்தேகத்துக்கு 12367. இந்த இரண்டாவது எண்ணில் இரவும் பகலும் ஆங்கிலத்திலும் பதில் சொல்கிறார்கள்.

கிளம்புவதற்கு முன் மூன்று பெயர்களை ஒப்பிட்டுப் பாருங்கள்: பணி அனுமதி அறிவிப்பில் உள்ள நிறுவனம், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நிறுவனம், உண்மையில் வகுப்பு நடக்கப்போகும் இடம். அனுமதி ஓர் ஊர்ப் பள்ளிக்கும் வகுப்பு வேறோர் ஊர் மையத்துக்கும் என்று வந்தால், ஏஜென்டிடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். அது வரும்வரை டிக்கெட் போடாதீர்கள்.