ஒரே மேடையில் இரண்டு சந்தைகள்

ஆப்பிரிக்க இளவரசன் ஒரூனோகோ எப்படி ஏமாந்து கப்பலேறினான், சூரினாம் கரும்புத் தோட்டத்துக்கு எப்படி வந்து சேர்ந்தான் என்பதெல்லாம் சென்ற வாரக் கதை. ஆப்ரா பென் 1688-இல் எழுதிய கதையை தாமஸ் சதர்ன் நாடகமாக்கினார். அது நினைவிருந்தால் போதும். இந்த வாரம் கலகக் காட்சி என்று சொல்லியிருந்தேன். அதற்கு முன் நாடகம் மேடையேறிய ஆண்டைப் பற்றிப் பேசியே ஆகவேண்டும்.

லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் இது முதலில் நடிக்கப்பட்டது 1695 நவம்பரில். அந்தச் சமயத்தில் நம் கரையில் என்ன நடந்துகொண்டிருந்தது? டச்சுக் கம்பெனியின் ஆவணங்களைத் தோண்டிய வரலாற்றாசிரியர் மார்க்குஸ் விங்க் ஒரு கணக்கு தருகிறார். 1694 முதல் 1696 வரை சோழமண்டலக் கரையிலிருந்து இலங்கைக்குக் கொண்டுபோகப்பட்ட அடிமைகள் 3,859 பேர். தனியார் கொண்டுபோனவர்கள் மட்டுமே இத்தனை பேர். அதற்கு ஒரு தலைமுறை முன்பு, 1659–61-இல், தஞ்சைச் சீமை பஞ்சத்தில் கிடந்தபோது போனவர்கள் எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரம் பேர். இலங்கைக்கு, பத்தாவியாவுக்கு, மலாக்காவுக்கு. பசி முற்றினால் மனிதர் விலை சரியும். கப்பல்காரர்களுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. நாகப்பட்டினம் 1658-இல் டச்சுக்காரர் வசமானது. ஒன்பது ஆண்டு கழித்து, 1667-இல், ஒரூனோகோவின் சூரினாமும் ஆங்கிலேயரிடமிருந்து அதே டச்சுக்காரர் கைக்குப் போயிற்று.

அடிமை வியாபாரம் என்றதும் நமக்கு ஆப்பிரிக்காவும் அமெரிக்காவும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் நாகப்பட்டினம் நம் திருப்பூரிலிருந்து ஒரு ராத்திரி பஸ் தூரம்தான். இன்னொன்றும் உண்டு: மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் ஆட்களை வாங்க ஐரோப்பியக் கப்பல்கள் ஏற்றிப்போன சரக்கில் இந்தியப் பருத்தித் துணிக்குப் பெரிய இடம் இருந்தது. பருத்தியால் பிழைக்கும் ஊரில் உட்கார்ந்து இந்த நாடகத்தைப் படிக்கிறவர் அதை மறந்துவிட்டுப் படிக்க முடியாது.

லண்டனில் 1749-இல் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கோல்டு கோஸ்ட்டைச் சேர்ந்த வில்லியம் அன்சா செசராகூ என்ற இளைஞரை, படிக்க அழைத்துப்போவதாகச் சொன்ன கப்பல் கேப்டன் பார்படாஸில் விற்றுவிட்டான். பிறகு மீட்கப்பட்டு லண்டன் வந்தவரை கோவென்ட் கார்டன் அரங்குக்குக் கூட்டிப்போனார்கள். அன்று நடந்த நாடகம் ஒரூனோகோ! தன் கதையே மேடையில் ஓடுவதைக் கண்டவர் தாங்கமாட்டாமல் பாதியில் எழுந்து வெளியேறினார்.

அந்தக் காலத்து ரசிகர்களுக்கு இந்தக் கண்ணீர் போதுமாக இருந்தது. நாடகத்தில் பாதி சிரிப்பு என்பதுதான் இடித்தது. 1759-இல் ஜான் ஹாக்ஸ்வொர்த் அந்தப் பாதியை வெட்டியெறிந்து சுத்த சோகமாக்கினார். இன்றும் படிப்பவர்கள் அந்தப் பக்கங்களை வேகமாகத் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. நாடகம் தொடங்குவதே அந்தச் சிரிப்பில்தான். சார்லட், லூசி என்று இரு சகோதரிகள். லண்டனில் வரன் அமையாமல் சூரினாமுக்கு மாப்பிள்ளை தேடி வருகிறார்கள். அக்கா ஆண் வேடத்தில். வயது ஏற ஏறத் தங்கள் மதிப்பு இறங்குவதைப் பற்றிக் கடைச்சரக்கைப் பேசுவதுபோலப் பேசிக்கொள்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் அதே துறைமுகத்தில் அடிமைகள் வந்திறங்குகிறார்கள். கல்யாணச் சந்தையையும் மனிதச் சந்தையையும் சதர்ன் அடுத்தடுத்து வைத்ததில் காரணம் இருக்கிறது.

அந்தக் காரணம் நம் பக்கத்து ஆட்களுக்குச் சட்டென்று பிடிபடும். சுமங்கலித் திட்டம் என்றும் திருமகள் திருமணத் திட்டம் என்றும் நூல் மில்களில் நடந்ததைச் சொல்கிறேன். ஏஜென்ட் ஊருக்கு வருவார். பதினான்கு, பதினைந்து வயதுப் பெண்கள்கூடப் போனார்கள். மூன்று வருஷம் மில் ஹாஸ்டல், கேட்டைத் தாண்ட முடியாத வாழ்க்கை, குறைந்த கூலி. முடித்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ. நடுவில் உடம்புக்கு முடியாமல் வீடு திரும்பியவர்கள் பலருக்கு அந்தப் பணமே கிடைக்கவில்லை. 2011-இல் நெதர்லாந்தின் இரண்டு அமைப்புகள் வெளியிட்ட அறிக்கை இதை உலகக் கடைவீதி வரை கொண்டுபோனது. இதையும் சூரினாமையும் ஒன்று என்று சொல்லமாட்டேன். மில்லுக்குப் போன பெண்ணை யாரும் ஏலம் விடவில்லை. 1976-இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அவள் பக்கம் இருக்கிறது. ஆனால் சதர்ன் சகோதரிகளுக்கும் அடிமைகளுக்கும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்த இரண்டு கதைகளும் அவள் ஒருத்தியின் தலையிலேயே விழுந்தன. கல்யாணத்துக்காகத்தான் அவள் அடைபட்டுக் கிடந்தாள். ஹாக்ஸ்வொர்த் வெட்டிய பிரதியில் அவளுக்கு இடமே கிடையாது.

கலகத்துக்கு இடம் போதவில்லை. தோட்ட வேலை செய்யாமல் மரியாதையாக நடத்தப்படும் ஒரூனோகோ, கலகத்துக்குத் தயங்குகிறான். பிறக்கப்போகும் உன் பிள்ளையும் அடிமைதான் என்று நண்பன் அபோவான் சொன்ன பிறகுதான் அசைகிறான். சேர்ந்து கிளம்பியவர்கள் ஆளுநர் படையைக் கண்டதும் ஏன் கலைந்தார்கள் என்பதை அடுத்த வாரம் பார்க்கலாம். பக்கத்தில் வைத்துப் பார்க்க, பஞ்சப்படிக்காக 1984-இல் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் நடத்திய வேலைநிறுத்தம் இருக்கிறது.